பொண்ணு ஃபுட்பால் ஆடணும்ங்கிறா, அனுப்பலாமா? வடசென்னைப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறவள் நான். மாவட்ட அணியிலும் கிளப்பிலும் ஆடியிருக்கிறேன். கிரவுண்டு ஓரத்தில் நின்று அம்மாக்கள் கேட்பது, பயிற்சி முடிந்து ஷூ லேஸ் அவிழ்க்கும்போது பிள்ளைகள் கேட்பது, போனில் அப்பாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது என எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

நம்ம ஏரியாவில் மட்டும் ஏன் இவ்வளவு ஃபுட்பால்?

முதல் காரணம் வேலை. ரயில்வே, துறைமுகம், பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) என்று தொழிலாளர்கள் நிறைந்த பகுதி இது. இந்த நிறுவனங்களுக்கெல்லாம் சொந்தமாகக் கால்பந்து அணிகள் உண்டு. நன்றாக ஆடினால் அணியில் இடம், அணியில் இடம் கிடைத்தால் வேலை என்று ஒரு வழி இருந்தது. தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், பையனும் ஆடுகிறான். அடுத்தது, இந்த ஆட்டத்துக்குப் பெரிய செலவு கிடையாது. தெருவில் ஒருவரிடம் பந்து இருந்தால் போதும், இருபது பேர் ஆடலாம். உலகக் கோப்பை வந்தால் வியாசர்பாடிச் சுவர்களில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் வந்துவிடும். குட்டி பிரேசில் என்று பேரே வைத்துவிட்டார்கள். முல்லை நகர் கிரவுண்டில் உள்ளூர் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது 2000-ஆம் ஆண்டு வாக்கில். அங்கே பெண் பிள்ளைகளும் வந்து ஆடினார்கள், இன்றும் ஆடுகிறார்கள்.

ஆனாலும் கிரவுண்டு பெண்களுக்குக் கடைசியில்தான் கிடைக்கிறது. காலையில் பெரிய பையன்கள், சாயங்காலம் கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட். மிச்சம் இருக்கிற மூலையில் எங்கள் பிள்ளைகள் கோன் வைத்து ஆடுவார்கள். இதை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

இது பொம்பளைப் பிள்ளைகளுக்கான ஆட்டமா?

இந்தக் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். டிக் கெர் அணிக்கு ஆடியவர்கள் ஆலையில் வேலை பார்த்த பெண்கள். அடுத்த ஆண்டே அங்குள்ள கால்பந்து சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை விலக ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆனது. கூட்டம் வராததால் மூடவில்லை, கூட்டம் அவ்வளவு வந்த பிறகுதான் மூடினார்கள்.

நம் நாட்டிலும் பெண்கள் ஆடுவது புதிது கிடையாது. 1979-80-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும் 1983-லும் இந்தியப் பெண்கள் அணி இரண்டாம் இடம் பிடித்தது. பெண்களுக்கான உலகக் கோப்பை தொடங்கியதே 1991-ல்தான், ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1996-ல். நம் அக்காக்கள் அதற்கெல்லாம் முன்பே ஆடியவர்கள்.

தொழில்முறை வீராங்கனை என்று யாரைச் சொல்வது? ஸ்கூல் டீமில் ஆடினால் போதுமா?

ஒரு கிளப்போடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஆடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்தான் தொழில்முறை வீராங்கனை. ஸ்கூல் டீம், மாவட்ட அணி, மாநில அணி எல்லாம் அதற்கு முந்தைய படிகள். மாநில அணிக்கு ஆடினால் பெருமை உண்டு, சான்றிதழ் உண்டு, படித்தொகை கிடைக்கும். மாதச் சம்பளம் கிளப்பில்தான்.

இந்தியாவில் பெண்களுக்கான மேல்மட்டப் போட்டி இந்தியன் வுமன்ஸ் லீக். 2016-17-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கொண்டுபோய் வைத்துச் சில வாரத்தில் முடித்துவிடுவார்கள். 2023-24-ல்தான் சொந்த ஊரில் ஒரு ஆட்டம், எதிரணி ஊரில் ஒரு ஆட்டம் என்று முறையாக நடந்தது. அந்த ஆண்டு ஒடிசா எஃப்சி ஜெயித்தது, அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால். அதற்கு முன்னால் கோழிக்கோட்டு கோகுலம் கேரளா தொடர்ந்து மூன்று முறை. அதற்கும் முன்னால், 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்திப் பட்டம் வாங்கியது நம் மதுரை சேது எஃப்சி. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்த லீக்கைக் கனவாக இல்லாமல் பக்கத்து ஊர் விஷயமாகப் பார்க்க ஆரம்பித்தது அந்தக் கோப்பைக்குப் பிறகுதான் என்பது என் எண்ணம்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஆறு ஏழு வயதில் வந்தால் பந்தோடு விளையாடட்டும், அவ்வளவுதான். ஒன்பது பத்து வயதிலிருந்து இரண்டு காலாலும் பந்தை அடக்குவது, தலை நிமிர்ந்து பார்த்து பாஸ் கொடுப்பது என்று பழக்கினால் நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வயது வரை நான்காம் நம்பர் பந்து, அதற்கு மேல் ஐந்தாம் நம்பர். சின்னப் பிள்ளைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் காலில் அடிபடும், பயமும் வந்துவிடும்.

உண்மையில் சேர்க்கிற வயதைவிட நிறுத்துகிற வயதுதான் எனக்குக் கவலை. எங்களிடம் பத்து வயதில் வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போகிறார்கள். ஆட்டம் வராமல் போகிறவர்கள் ரொம்பக் கம்மி. வயசுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள், அல்லது பத்தாம் வகுப்பு டியூஷனைக் காட்டி நிறுத்துகிறார்கள். பதின்மூன்றிலிருந்து பதினேழு வரைதான் ஓட்டமும் உடலும் ஆட்ட அறிவும் ஒன்றாகச் சேர்கிற வயது. அந்த நான்கு வருடம் கிரவுண்டில் இருந்த பிள்ளைதான் பிறகு கிளப்புக்குப் போகிறாள். ஒரு வீராங்கனையின் வாழ்க்கை லூதியானாவிலோ கொல்கத்தாவிலோ தீர்மானமாவதற்கு முன்பு, எம்.கே.பி. நகர் வீட்டுக் கூடத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

பையன்களோடு சேர்ந்து ஆடலாமா?

தாராளமாக ஆடலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை நல்லதும்கூட. வேகம் கூடும், பந்தை உடனே விட்டுக்கொடுக்கிற பழக்கம் வரும், தள்ளினால் விழாமல் நிற்கக் கற்றுக்கொள்வாள். இன்றைய இந்திய வீராங்கனைகளில் பலரும் ஊர்ப் பையன்களோடு ஆடி வந்தவர்கள்தான்.

வயசுக்கு வந்துட்டா. அந்த நாட்களில் ஆடலாமா?

ஆடலாம். வலி அதிகமாக இருந்தால் அன்றைக்கு ஓய்வு எடுக்கட்டும், மற்றபடி தடை எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு இருக்கிற பெரிய பயம் கறை தெரிந்துவிடுமோ என்பதுதான். அதனால் எங்கள் அணிக்குக் கறுப்பு ஷார்ட்ஸ் எடுத்தோம். இங்கிலாந்துப் பெண்கள் அணியே 2023 உலகக் கோப்பைக்கு முன் வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது இதே காரணத்துக்காகத்தான். சரியான அளவில் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுங்கள். ஷூவைவிட முதலில் அதை வாங்குங்கள் என்றுதான் அம்மாக்களிடம் சொல்வேன். அது இல்லாமல் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். நன்றாக ஓடி ஆடுகிற பிள்ளைக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் வராமல் நின்றுபோனால், ஆடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். எலும்பு பலம் இழக்கும், சின்ன அடிக்கே விரிசல் விடும். டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது. வேறு ஏதோ நினைத்துப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

என்ன சாப்பாடு கொடுப்பது? புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?

பவுடர் வேண்டாம். நம் பக்கத்தில் கிடைப்பதே போதும். காசிமேட்டிலிருந்து வருகிற கவளை, நெத்திலி விலையும் கம்மி, சத்தும் அதிகம். மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடு என்றால் இரும்புச்சத்துக்கு அதைவிட நல்லது இல்லை. சாப்பிடாதவர்கள் முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, பேரீச்சம்பழம் கொடுக்கலாம். தினம் இரண்டு முட்டை. காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் அனுப்பாமல் ஒரு வாழைப்பழமாவது, ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியாவது கொடுத்து அனுப்புங்கள். டீயும் பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஓட முடியவில்லை, சோம்பேறி என்று கோச் சொல்கிற பிள்ளை பல நேரம் ரத்தசோகைப் பிள்ளையாக இருக்கிறாள்.

செலவு?

ஸ்டட்ஸ் (அடியில் குமிழ் வைத்த கால்பந்து ஷூ) ஒரு ஜோடி, முழங்காலுக்குக் கீழே வைக்கிற ஷின் கார்டு, முட்டி வரை வருகிற சாக்ஸ். பெரியமேடு பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் சாதாரண ஸ்டட்ஸ் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும். வளர்கிற கால் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். உள்ளே கால் நகர்ந்தால் கணுக்கால் பிசகும். நம் ஏரியாவில் காசு வாங்காமல் சொல்லித் தருகிற கோச்சுகள் இன்றும் இருக்கிறார்கள். கட்டணம் கட்டினால்தான் நல்ல பயிற்சி என்று நினைக்க வேண்டாம்.

ஆடி ஆடிக் கறுத்துப் போயிட்டா, நாளைக்கு யார் கட்டுவாங்க?

இதை ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள், பெரும்பாலும் பாட்டிமார்கள். பிள்ளை காதில் விழுகிற மாதிரி இதைச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் பதில். அவள் வெயிலில் நிற்பதற்கு முன்பும் அழகுதான், இப்போதும் அழகுதான். மாநில அணி ஜெர்ஸியில் அவள் படம் பேப்பரில் வந்த அன்று அதே பாட்டி அதை வெட்டி வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கிருந்து மேலே போகும் பாதை என்ன?

முதலில் பள்ளிக்கூடம். குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி என்று கல்வித்துறை நடத்துகிற ஆட்டங்களில் அணி சேர்க்கச் சொல்லி பி.இ.டி. (உடற்கல்வி) டீச்சரிடம் கேளுங்கள். பெண்கள் அணியே இல்லை என்பார்கள். பதினொரு பேரை நீங்கள் சேர்த்துக்கொண்டு போனால் இல்லை என்று சொல்ல முடியாது. பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு சுப்ரோதோ கோப்பை இருக்கிறது. மாநில அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவது, சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் அங்கேயே நடக்கும். வீட்டில் இடமும் சாப்பாடும் இழுபறியாக இருக்கிற பிள்ளைக்கு இது பெரிய கை கொடுப்பு.

அப்புறம் மாவட்ட செலக்‌ஷன், அங்கிருந்து மாநில கேம்ப், அங்கிருந்து தேசியப் போட்டி. கிளப் ஆட்கள் பிள்ளைகளைப் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தேசியப் போட்டியில்தான். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூரை ஜெயிப்பது அப்போது யாரும் எதிர்பார்க்காத விஷயம், பெண்கள் கால்பந்தில் அவர்கள்தான் ராஜா. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1-ல் வீழ்த்தி மறுபடியும் பட்டம் வந்தது.

எந்த நிலையிலும் வயது, பிறந்த தேதியில் கைவைக்காதீர்கள். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று இருந்தால் செலக்‌ஷன் அன்றைக்குத்தான் மாட்டும். இரண்டையும் இப்போதே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பேரில் இனிஷியல் முன்னே பின்னே இருந்தால்கூடத் திருத்திவிடுங்கள்.

நம்மூர்ப் பிள்ளைகள் யாராவது உண்மையில் மேலே போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார்கள். இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், நடுக்கள ஆட்டக்காரர். சேது எஃப்சி, இந்திய அணி என்று ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் பணியில் நின்றார். இந்திய ஜெர்ஸி போட்ட ஒருவர் முகக்கவசத்தோடு வண்டிகளை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்ததை எத்தனை பேர் அறிந்தார்களோ. சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம். அரசு விடுதியில் வளர்ந்து, அங்கே மூத்த பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துப் பந்தைத் தொட்டவர். இந்திய அணிக்குக் கோல் அடிக்கிறார். கடலூரில் ஒரு நல்ல பயிற்சி மையம் பல வருடம் விடாமல் நடந்ததால்தான் அந்த ஒரே மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் வந்தார்கள். நம்மிடம் கடலூரைவிட அதிகம் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். குறைவது பெண்களுக்கான தினசரி கிரவுண்டு நேரம் மட்டும்தான்.

கிளப்பில் ஒரு நாள் எப்படிப் போகும்?

வீட்டில் நினைக்கிற மாதிரி நாள் முழுக்கப் பந்து உதைப்பது கிடையாது. காலை ஐந்தரைக்கு எழுந்து, எடை பார்த்து, லேசாகச் சாப்பிட்டு ஆறரைக்குக் கிரவுண்டு. முதல் இருபது நிமிடம் வார்ம்-அப். அதற்குப் பின் ஒன்றரை மணி நேரம் பாஸிங், அணியாக நகர்வது, செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நிறுத்தி வைத்த பந்தை ஆடுவது). ஒரே கார்னரை இருபது முறை எடுக்கச் சொல்வார்கள். பந்து வருகிற பாதையில் யார் ஓடுவது, யார் எதிரணி ஆளைச் சும்மா இழுத்துக்கொண்டு போவது என்று மாற்றி மாற்றி. திரும்பி வந்ததும் கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு சாப்பாடு. மதியம் தூங்கியே ஆக வேண்டும். மாலையில் ஜிம், அல்லது வீடியோ பார்ப்பது. எதிரணி விங்கர் (ஓரத்தில் ஓடி ஆடுகிறவர்) எந்தக் காலால் கிராஸ் போடுகிறார் என்பதைப் பத்து முறை ஓடவிட்டுக் காட்டுவார்கள். இரவு ஒன்பதரைக்குப் போனை வாங்கி வைக்கிற கிளப்களும் உண்டு.

மேட்ச் அன்று தொண்ணூறு நிமிடம். நடுக்கள ஆட்டக்காரர் ஒரு மேட்சில் ஒன்பது பத்து கிலோமீட்டர் ஓடிவிடுவார். அதில் பந்து காலில் இருக்கிற நேரம் ஓரிரு நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதுதான் ஆட்டம். பந்தில்லாமல் ஆடத் தெரிகிறதா என்றுதான் செலக்டர்கள் பார்க்கிறார்கள். தெரு ஆட்டத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். பந்து போனதும் இடுப்பில் கைவைத்து நிற்கிற பழக்கத்தை விடுவதற்குள்தான் எங்களுக்கு உயிர் போகிறது.

இதைத் தாண்டித் தனிமை என்று ஒன்று இருக்கிறது. மொழி தெரியாத ஊர், சப்பாத்தியும் பருப்பும், அறையில் மணிப்பூர்ப் பெண் ஒருவர், ஜார்க்கண்ட் பெண் ஒருவர். முதல் மாதம் அழாத பிள்ளை இல்லை. போனில் அழுதால் உடனே கிளம்பி வா என்று சொல்லிவிடாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த நாளும் கூப்பிடுங்கள்.

சம்பளம் எவ்வளவு வரும்?

நேராகச் சொல்கிறேன். ஆண்களுடைய ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். மேல்மட்டக் கிளப்கள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2023-ல் அறிவித்தது. மாதக் கணக்கில் பார்த்தால் இருபத்தாறு, இருபத்தேழாயிரம். இந்திய அணியில் ஆடுகிறவர்களுக்கு அதற்கு மேலும் கிடைக்கும். கீழ்மட்ட லீக்கில் சீசன் நடக்கிற சில மாதத்துக்கு மட்டும் காசு, மற்ற மாதங்களில் ஒன்றும் வராது என்பதும் உண்டு.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை: எத்தனை மாதத்துக்கு, சம்பளம் எந்தத் தேதியில், அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களில் சம்பளம் உண்டா, வேறு கிளப்புக்குப் போக நினைத்தால் என்ன விதி. நகல் ஒன்று கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு ஒரு கிளப் ஒரு சீசன் காசைப் பாதி தராமலேயே விட்டுவிட்டது. வாய்ப்பேச்சில் நடந்த ஏற்பாடு, கேட்பதற்குத் தாள் இல்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது.

அடிபட்டால்?

அடிபடும். அதிகம் பயப்பட வேண்டியது முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல். என்ற தசைநார் அறுவது. பெண்களுக்கு அது ஆண்களைவிட அதிகமாக அறுகிறது. இடுப்பு அமைப்பு, தசை பலம், குதித்து இறங்குகிற விதம், கரடுமுரடான கிரவுண்டு என்று காரணங்கள் பல. பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்கும். ஓடிவந்து சடாரென்று திரும்பும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம், அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதமாவது ஆட்டம் கிடையாது. ஆறு மாதத்தில் வலி போய்விட்டது என்று இறக்கிவிட்டால் மறுபடி அறுகிற ஆபத்து அதிகம்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து பிள்ளையை இரண்டு காலாலும் குதிக்கச் சொல்லி, முன்னால் உட்கார்ந்து முட்டியைக் கவனியுங்கள். தரையில் இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கமாக ஒன்றையொன்று நெருங்கினால் தொடையும் இடுப்பும் இன்னும் பலமாக வேண்டும். முட்டி பாத விரலுக்கு நேராக நின்றால் நல்லது. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. இருபது நிமிடம், சாமான் எதுவும் தேவையில்லை. வாரம் இரண்டு மூன்று முறை விடாமல் செய்கிற அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு வரை, அதற்கு மேலும்கூடக் குறைந்தது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதை ‘போர் அடிக்குது அக்கா’ என்பார்கள். பரவாயில்லை, போர் அடிக்கட்டும்.

முட்டி வீங்கினால் எண்ணெய் போட்டு நீவிவிடக் கூட்டிப்போகாதீர்கள். ஐஸ் வைத்துக் கட்டி, அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவுக்குப் போங்கள்.

படிப்பு கெடாதா?

நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் கெடாது. காலைப் பயிற்சி ஏழரைக்கு முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பு மாலைப் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம், முழுக்க நிறுத்தத் தேவையில்லை. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். ஆனால் சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணி உண்மையாகவே நடக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

கவர்மென்ட் வேலை கிடைக்குமா?

தமிழ்நாடு அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. காவல்துறை, ரயில்வேயிலும் விளையாட்டு வழியாக ஆள் எடுக்கிறார்கள். ரயில்வே பெண்கள் அணி தேசிய சாம்பியனாகவே ஆகியிருக்கிறது. எந்தப் போட்டியில் ஆடினாலும் சான்றிதழை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்து, அப்போது இருந்த செயலாளரைத் தேடிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துபோன பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நெகிழிக் கவரில் போட்டு, மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். நம் ஏரியாவில் டிசம்பர் மாதம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டில் ஆட முடியுமா?

முடியும், சிலர் ஆடியிருக்கிறார்கள். கோல்கீப்பர் அதிதி சவுகான் 2015-ல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் சேர்ந்தார். மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார். பஞ்சாப் கிராமத்துப் பெண் மனீஷா கல்யாண் 2021-ல் பிரேசிலுக்கு எதிராக, பிரேசில் மண்ணிலேயே ஒரு கோல் அடித்தார். இந்தியா 6-1 என்று தோற்ற ஆட்டம்தான், ஆனாலும் அந்த ஒரு கோலை எங்கள் பிள்ளைகள் போனில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அடுத்த ஆண்டு அவர் சைப்ரஸ் கிளப் அப்போலோனுக்குப் போய், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று இந்திய அணி 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. தகுதிப் போட்டியில் ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுதான் முதல்முறை.

பாஸ்போர்ட்டைப் பதினாறு வயதிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். இந்திய கேம்புக்குக் கூப்பிட்ட பிறகு ஓடினால் நடக்காது.

கல்யாணம், குழந்தை ஆனால் அவ்வளவுதானா?

இல்லை. கருவுற்ற வீராங்கனைக்குக் குறைந்தது 14 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் மூன்றில் இரண்டு பங்குச் சம்பளமாவது தர வேண்டும், அதைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது என்று ஃபிஃபா 2021-லிருந்து விதி வைத்திருக்கிறது. நம் ஊரில் தடையாக இருப்பது வீட்டு வேலையும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும்தான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இவள் ஆடுவாள் என்று.

கோச் நல்லவரா என்று எப்படித் தெரியும்?

அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி இது. சத்தமாகவே கேளுங்கள். பயிற்சியைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று சொல்கிற இடமா? வெளியூர் மேட்சுக்குப் பெண் பொறுப்பாளர் ஒருவர் கூட வருகிறாரா? பிள்ளையைத் தனியாக அறைக்குக் கூப்பிடுவது, ராத்திரியில் தனியாக மெசேஜ் அனுப்புவது, மசாஜ் என்ற பேரில் தொடுவது, ‘வீட்டில் சொல்லாதே, செலக்‌ஷன் போயிடும்’ என்பது, இதில் ஒன்று நடந்தாலும் அன்றோடு அந்த இடம் வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். போக்சோ சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். தண்டனையாக அவளுடைய ஆட்டத்தை நிறுத்திவிட்டால், அடுத்த பிள்ளை வாயே திறக்க மாட்டாள்.

எத்தனை வயது வரை ஆடலாம்? அதற்கப்புறம்?

முப்பது, முப்பத்திரண்டு வரை மேல்மட்டத்தில் ஆடலாம். கீப்பர்கள் இன்னும் கொஞ்சம். பிறகு கோச் ஆகலாம். சம்மேளனத்தின் ‘டி’ லைசன்ஸிலிருந்து தொடங்கி சி, பி, ஏ என்று மேலே போகலாம். ரெஃப்ரீ ஆகலாம். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஆட்டக்காரராக இருந்து ரெஃப்ரீயாகி, ஃபிஃபா பட்டியல் வரை போனவர். பள்ளிகளில் பெண் பி.இ.டி. டீச்சர்களுக்குத் தேவை எப்போதும் இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே, இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில், ‘டி’ லைசன்ஸ் எடுத்துவிடுவது நல்லது.

அக்கா, எனக்குப் பதினைந்து ஆயிடுச்சு. இதுவரைக்கும் ஆடினதே இல்லை. லேட்டா?

ஓடுவாயா, கபடியோ அத்லெடிக்ஸோ ஏதாவது செய்திருக்கிறாயா என்று கேட்பேன். செய்திருந்தால் டிஃபென்டராகவோ கீப்பராகவோ வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கீப்பர்கள் பலர் தாமதமாகத் தொடங்கியவர்கள்தான். உயரமும் துணிச்சலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்படியே கிளப் வரைக்கும் போகாவிட்டாலும், ஆடுகிறது ஆடுகிறதுதான். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வா. ஸ்டட்ஸ் இல்லையென்றால் பள்ளிக்கூட ஷூ போதும். தண்ணீர் பாட்டில் கொண்டு வா, வீட்டில் சொல்லிவிட்டு வா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, நான் பேசுகிறேன்.